கொடுவாவும் நம் ஆறும்

அலுவிகாரையிலிருந்து கடல் வெகு தூரம். ஆனாலும் வாப்பா கொடுவா வாங்கி வரும் நாளில் எங்கள் வீட்டில் ஆனம் மணக்கும். வெள்ளியாய் மின்னும் அந்த மீன் கழிமுகத்தில் முட்டையிடும். குஞ்சுகள் கண்டல் வேர்களுக்கிடையே ஒளிந்து வளரும். நாட்டின் கண்டற் காடுகள் அனைத்தையும் பாதுகாப்பதாக 2015இல் அரசு அறிவித்தது. அது கரையோரத்தவர் பாடு என்றே மலைநாட்டில் நாம் நினைக்கிறோம்.

அது தவறு. நம் சுது கங்கை அம்பன் கங்கையோடு கூடி, மகாவலியில் சேர்ந்து, மூதூருக்கருகே கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. பாலத்தில் நின்று நாம் வீசும் பொலித்தீன் பையும் அந்த வழியாகத்தான் புறப்படுகிறது. சுத்தத்தை ஈமானோடு சேர்த்துப் படித்த நாம், வுழூச் செய்யும் நீரை மட்டும் பேணினால் போதுமா? கண்டலைச் சட்டம் காக்கட்டும். ஆற்றை நாம்தான் காக்க வேண்டும்.