வெற்றி மேடையில் வாய்ப்பூட்டு

2020 செப்டம்பரில் இத்தாலியின் முகெல்லோ பந்தயத்தில் வென்ற லூயிஸ் ஹாமில்டன், அமெரிக்கக் கறுப்பினப் பெண் பிரியோனா டெய்லரைச் சுட்டுக் கொன்ற போலீசாரைக் கைது செய்யக் கோரும் டி-சட்டையுடன் மேடை ஏறினார். அனைத்துலகக் கார் பந்தயச் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ. அவரைத் தண்டிக்கவில்லை. ஆனால், மேடையில் பந்தய உடையைக் கழுத்துவரை மூடியிருக்க வேண்டுமென விதி போட்டது.

2023 முதல் அரசியல், சமய, தனிப்பட்ட கருத்துகளை வெளிப்படுத்த எழுத்துப்பூர்வ முன்அனுமதி வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும், செய்தியாளர் கேள்விக்குப் பதிலளிக்கலாம், சமூக ஊடகத்தில் எழுதலாம் என்று பிப்ரவரியில் விளக்கம் தந்தது.

ஆக, பேச்சுக்கு முழுத் தடை இல்லை. உலகமே பார்க்கும் மேடைக்குத்தான் தடை. விளையாட்டு நடுநிலை காக்க வேண்டும் என்பது நியாயமே. ஆனால், எது அரசியல், எது மனிதநேயம் என்பதை அனுமதி கொடுப்பவரே முடிவு செய்தால், வீரர் நிர்வாகத்தின் தயவில்தான் நியாயம் பேச முடியும்.