மூன்று மாத முன்பணம் ஏட்டளவில்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

படிப்பை முடித்துவிட்டுப் பழைய மாமல்லபுரம் சாலையில் முதல் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு, வீடு கிடைப்பது பெரும்பாடாக இருக்கிறது. என் மகளுக்காகத் துரைப்பாக்கம், பெருங்குடி, மேடவாக்கம் என்று அலைந்தபோது எல்லா இடத்திலும் முதல் கேள்வி, "ஃபேமிலியா, பேச்சிலரா?" அதைத் தாண்டினால் ஆறு மாத அட்வான்ஸ், தரகருக்கு ஒரு மாத வாடகை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் மூன்று மாத முன்பணத்தையே வரம்பாகச் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ள இடமும் விட்டிருக்கிறது. முதல் சம்பளமே வாங்காத பிள்ளை வீட்டுக்காரரிடம் என்ன பேரம் பேச முடியும்? அந்த விலக்கை அரசு நீக்க வேண்டும்.

வாடகை குறைகிறதே என்று உட்புறமாகப் போனால் பாதுகாப்பு இல்லை. பகலில் பார்த்துப் பிடித்துப்போன ஒரு தெருவுக்கு இரவு ஒன்பதரை மணிக்கு மறுபடி போனோம். பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பியதுமே வரிசையாக மூன்று கம்பங்களில் விளக்கு எரியவில்லை. காலி மனையில் கருவேலம் புதர். திறந்திருந்த கடை ஒன்றுகூட இல்லை. முன்பணம் கொடுப்பதற்குமுன் எல்லோரும் இரவில் ஒருமுறை அப்படி நடந்து பார்த்துவிடுவது நல்லது.

பேருந்து நிறுத்தத்திலிருந்து குடியிருப்புவரை உள்ள விளக்குகளை மாநகராட்சி உடனே சரிசெய்ய வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் 'தோழி' விடுதிகள் இந்தச் சாலையை ஒட்டி நிறையத் திறக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய், தென்காசி