கடற்காற்றும் காகிதமும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பர் நம் பெரியோர். மும்பையில் வாழும் நம்மவர்க்கோ அத்தனி வளையே பெருங்கனவாய் நிற்கின்றது. பாந்திராவிலும் ஜுஹுவிலும் கடலைக் கண்ணால் காணலாம். வீட்டு விலையைக் காதால் கேட்கவும் அஞ்ச வேண்டும். ஆகவே, சர்ச்கேட்டிலிருந்து 60 கிலோமீட்டர் வடக்கேயுள்ள விராரை நாடி நம்மவர் பலர் செல்கின்றனர். விராருக்கு மேற்கே அர்னாலா முதலிய கடற்கரைச் சிற்றூர்கள் உள்ளன. அவற்றை நோக்கிப் புதுக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன.

ஓய்வு பெறும் நாளில் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியவர்கள் நாம். அந்தக் கவலையோடு சென்ற திங்கள் குடும்பத்துடன் அர்னாலாப் பக்கம் ஒரு வீட்டைக் காணச் சென்றோம். சவுக்குத் தோப்பும், மீனவர் படகுகளும், தீவில் நிற்கும் பழங்கோட்டையும் உள்ளத்தைக் கவர்ந்தன. பிள்ளைகள் மணலை விட்டு வர மறுத்தனர். ஓர் அறையும் கூடமும் கொண்ட வீடு. விலையும் நம் சேமநிதிக்கும் கடனுக்கும் அடங்குவதே. முன்பணம் சட்டைப்பையில் இருந்தது.

நம் இல்லத்தரசியார் கடலைப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து நீரை நாவில் வைத்துப் பார்த்தார், கரித்தது. "இதில் பருப்பு வேகாதே!" என்றார். சன்னற்கம்பிகளைத் தொட்டார், துரு உதிர்ந்தது. உப்புக்காற்று கம்பியை அரிக்கும். கான்கிரீட்டின் உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்தால் கூரையே வெடித்து உதிரும்.

அப்போதுதான் நமக்கும் அலுவலகப் புத்தி வந்தது. ரசீதைப் பாராமல் ஒரு பார்சலையும் நாம் விடுவிப்பதில்லை. வாழ்நாள் சேமிப்பை மட்டும் தாளைப் பாராமல் கொடுக்கலாமா? மாநகராட்சி வழங்கும் ஓ.சி. என்னும் குடியிருப்புச் சான்று எங்கே என்று கேட்டோம்.

தரகர் நம் ஊர்ப்பக்கத்தவர். "பத்திரம் பதிவாகும், மின்சார மீட்டர் இருக்கிறது, வரி ரசீது இருக்கிறது. வேறென்ன ஐயா வேண்டும்?" என்றார்.

அன்பர்களே, ஏமாற்றம் நுழையும் வாயில் இதுவே. பத்திரப் பதிவு விற்பவரும் வாங்குபவரும் செய்துகொண்ட உடன்பாட்டுக்குச் சான்று. கட்டட அனுமதிக்குச் சான்றன்று. அனுமதியற்ற கட்டடத்துக்கும் வரி விதிப்பதுண்டு. விராருக்கு அடுத்த நாலாசோபாராவில், கழிவுநீர் நிலையத்துக்கும் குப்பைக் கிடங்குக்கும் ஒதுக்கிய நிலத்தில் எழுந்த 41 கட்டடங்கள், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் இடிக்கப்பட்டன. பணம் கொடுத்துக் குடியேறிய குடும்பங்கள் தெருவில் நின்றன. 2025 ஆகஸ்டில் விராரிலேயே அனுமதியின்றிக் கட்டிய கட்டடம் ஒன்று சரிந்து 17 உயிர்கள் மாண்டன.

எனவே, முன்பணம் கொடுக்குமுன் இவற்றைக் கேளுங்கள்: நிலத்தின் சாத்-பாரா பதிவு, விளைநிலமாயின் அதனை மனையாக்கிய ஆணை, கட்டடத் தொடக்கச் சான்று, ஓ.சி. புதுக் கட்டடமாயின் 2017 முதல் இயங்கும் மகாரேரா பதிவெண். போலிச் சான்றுகளும் உலவுவதால், நகல்களை வசாய்-விரார் மாநகராட்சி அலுவலகத்துக்கே எடுத்துச் சென்று ஒப்பிடுக. கடல் உயரும் எல்லைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலம் கடலோர ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டது; அங்கே தனிக் கவனம் வேண்டும். மழைக்காலத்தில் ஒருமுறை சென்று பார்ப்பதும் நன்று. 2018 ஜூலையில் நாலாசோபாராத் தண்டவாளம் மூழ்கி வண்டிகள் நின்றதை நம் துறையினர் மறவார்.

தரகர் அன்று ஓ.சி.யைக் காட்டவில்லை, "வரும்" என்றார். வந்தபின் நாமும் வருவதாகச் சொல்லித் திரும்பினோம். வண்டியில் பிள்ளைகள் முகம் வாடியிருந்தது. கடற்காற்றுக்கு விலையில்லை, அடுத்த ஞாயிறும் அவர்களை அழைத்துச் செல்வோம். முன்பணம் இன்னும் நம்மிடமே இருக்கின்றது.