ஒரே தானியக் கலவை, பல மடங்கு விலை: கோதுமை போர்பன் சந்தை காட்டும் கணக்கு

புதுடெல்லி: பிரதமர் நரேந்திர மோடி 2025 பிப்ரவரியில் வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்பைச் சந்தித்த அதே நாளில், நிதி அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கை வெளியானது. போர்பன் விஸ்கி மீதான இறக்குமதி வரி 150 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 50 சதவீதம் அடிப்படைச் சுங்க வரி, 50 சதவீதம் வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டு வரி என்பது புதிய கணக்கு. ஸ்காட்ச் உள்ளிட்ட மற்ற வெளிநாட்டு விஸ்கிகளுக்கு அப்போது இந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இந்தியா இறக்குமதி செய்யும் போர்பனின் அளவு மிகச் சிறியது. ஆகவே இது ஓர் அரசியல் சைகை என்றே பலரும் கருதினர். அது உண்மைதான். ஆனால் கதவு திறக்கும்போது உள்ளே வரும் பொருள் எது, அதன் விலையில் தரத்துக்கு உரியது எவ்வளவு, பெயருக்கு உரியது எவ்வளவு என்ற கேள்வியும் உடன் வருகிறது. அதற்கு விடை தேடப் பொருத்தமான இடம், போர்பனின் ஒரு சிறு பிரிவான கோதுமை போர்பன். ஏறத்தாழ ஒரே செய்முறையில் உருவாகும் இந்த வகையில் 25 டாலருக்கும் பாட்டில் உண்டு. மறுவிற்பனையில் பல ஆயிரம் டாலருக்குக் கைமாறும் பாட்டிலும் உண்டு.

கோதுமை செய்யும் வேலை

அமெரிக்கச் சட்டப்படி போர்பனில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாயில் அதை ஊற வைக்க வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது ஆல்கஹால் அளவு 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. போர்பனை அமெரிக்காவுக்கே உரிய பொருளாக அந்நாட்டு நாடாளுமன்றம் 1964-ல் அங்கீகரித்தது. பெரும்பாலான போர்பன்களில் மக்காச்சோளத்துக்கு அடுத்த இடம் ரை என்ற தானியத்துக்கு. மிளகை நினைவூட்டும் காரத்தைத் தருவது அதுதான். ரையை நீக்கிவிட்டுக் கோதுமையைச் சேர்த்தால் அந்தக் காரம் மறைகிறது. கோதுமை தனக்கென்று பெரிய சுவை எதையும் கொண்டுவருவதில்லை. மக்காச்சோளத்தின் இனிப்பும் மரத்திலிருந்து இறங்கும் வெனிலா மணமும் முன்னால் வருவதற்கு அது வழிவிடுகிறது.

மேக்கர்ஸ் மார்க்கின் கலவையில் 70 சதவீதம் மக்காச்சோளம், 16 சதவீதம் கோதுமை, 14 சதவீதம் முளைகட்டிய பார்லி. ஹெவன் ஹில் நிறுவனத்தின் லார்சனியில் கோதுமை 20 சதவீதம். வெல்லர், வான் விங்கிள் ஆகிய பெயர்களைத் தயாரிக்கும் பஃபலோ டிரேஸ் ஆலை தன் விகிதத்தை வெளியிடுவதில்லை. ஆனால் இவ்விரண்டும் ஒரே கோதுமைக் கலவையிலிருந்து வருபவை என்பது அந்தத் துறையில் அனைவரும் அறிந்த செய்தி.

மூன்று நிறுவனங்களின் வேரும் ஏறக்குறைய ஒன்றே. கென்டகி மாநிலத்தின் லூயிவில் நகருக்கு அருகே 1935-ல் திறக்கப்பட்ட ஸ்டிட்ஸல்-வெல்லர் ஆலைதான் கோதுமை போர்பனை நிலைநிறுத்தியது. அதை நடத்தியவர் 'பாப்பி' என அழைக்கப்பட்ட ஜூலியன் வான் விங்கிள். 1953-ல் லொரெட்டோ அருகே ஒரு பழைய ஆலையை வாங்கிய பில் சாமுவேல்ஸ், புதிய செய்முறை தேடியபோது பாப்பியின் உதவியைப் பெற்றார். ஒவ்வொரு கலவையையும் வடித்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதற்குப் பதிலாக, வெவ்வேறு தானியங்களில் ரொட்டி சுட்டுப் பார்த்தே அவர் முடிவு செய்தார் என்பது மேக்கர்ஸ் மார்க் சொல்லும் வரலாறு. ஸ்டிட்ஸல்-வெல்லர் 1972-ல் கைமாறியது. 1992-ல் அங்கு வடிப்பு நின்றது. 1999-ல் வெல்லர் என்ற பெயர் பஃபலோ டிரேஸின் உரிமையாளரான சாஸரக் நிறுவனத்துக்கும், ஓல்டு ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பெயர் ஹெவன் ஹில்லுக்கும் சென்றன. 2002-ல் வான் விங்கிள் குடும்பமும் பஃபலோ டிரேஸுடன் இணைந்தது.

பாப்பி வான் விங்கிளின் புகழ் 1990-களில் பிறந்தது. அப்போது அந்தப் பாட்டில்களில் இருந்தது வேறு இடத்தில் வடிக்கப்பட்ட சரக்கு. இன்று அதே பெயரில் விற்பது பஃபலோ டிரேஸில் வடித்தது. பெயர் தொடர்கிறது, ஆலையும் பீப்பாயும் மாறிவிட்டன.

பெயர் தெரியாமல் சுவைத்தால்

வெவ்வேறு விலையுள்ள கோதுமை போர்பன்களை ஒப்பிடுவோர் பொதுவாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. வெல்லர் ஸ்பெஷல் ரிசர்வ், மேக்கர்ஸ் மார்க் இரண்டிலும் ஆல்கஹால் 45 சதவீதம். லார்சனியில் 46. வெல்லர் ஆன்டிக்கில் 53.5. கடைசி பாட்டிலை இவற்றோடு அப்படியே அடுத்தடுத்து வைத்தால், செறிவு மிகுந்தது 'சுவை மிகுந்தது' போலத் தோன்றும். விலை கூடிய பாட்டில் வெற்றி பெற்றதாக முடிவும் எழுதப்படும். உண்மையில் அங்கே வென்றது ஆல்கஹால். 30 மில்லி ஆன்டிக்குடன் ஏறத்தாழ 6 மில்லி தண்ணீர் சேர்த்தால் அதுவும் 45 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதன் பிறகே ஒப்பீடு நியாயமாகும்.

இவ்வாறு செறிவைச் சமன்செய்து, பெயரை மறைத்து, வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் சிறு அளவு ஊற்றி முகர்ந்தால் வேறுபாடுகள் தெரியவே செய்கின்றன. ஸ்பெஷல் ரிசர்வ் மெல்லியது. தேனும் வெனிலாவும் வந்து விரைவில் மறைந்துவிடும். மேக்கர்ஸ் மார்க்கில் கருகிய சர்க்கரையும் சுட்ட ரொட்டியின் மேலோடும் நினைவுக்கு வரும். நாக்கில் சற்று நேரம் நிற்கும். லார்சனி கொஞ்சம் கனமானது, இலவங்கப்பட்டையின் சாயல் கொண்டது. 12 ஆண்டு வெல்லரில் மரம் பேசத் தொடங்குகிறது. 23 ஆண்டு பாப்பியில் மரமே பெரும்பகுதி: புகையிலை, தோல், துவர்ப்பு. அதைக் காட்டிலும் 15 ஆண்டுச் சரக்கே சமநிலை கொண்டது என்று கருதும் விமர்சகர்கள் பலர். வயது கூடக் கூடச் சுவை ஏறிக்கொண்டே போகும் என்ற எண்ணம் புதிய பீப்பாய்க்குப் பொருந்தாது. பழைய பீப்பாய்களில் ஊறும் ஸ்காட்ச் தாங்கும் காலத்தை, கருக்கிய புதிய மரத்தில் கென்டகியின் கோடை வெப்பத்தில் ஊறும் போர்பன் எளிதில் தாங்குவதில்லை.

அதாவது, 25 டாலருக்கும் 60 டாலருக்கும் இடையே மூக்கும் நாக்கும் உணரக்கூடிய வேறுபாடு இருக்கிறது. அதற்கு மேல் உணரப்படுவதில் விலைச்சீட்டுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் கால்டெக், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே திராட்சை மதுவை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தனர். 90 டாலர் என்று கேட்டபோது பங்கேற்றவர்கள் அதிகம் ரசித்ததாகக் கூறினர். மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் அதிகம் செயல்பட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை. விலை உண்மையிலேயே சுவையாக மாறியிருந்தது. விஸ்கி விஷயத்தில் மட்டும் மனித மூளை வேறு விதமாக நடந்துகொள்ளும் என்று எண்ண இடமில்லை.

காலத்தின் விலை எவ்வளவு?

பழைய சரக்கு விலை கூடியதாக இருப்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பங்கு ஆவியாகிவிடுகிறது. ஆண்டுக்கு 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 200 லிட்டர் பீப்பாயில் 6 ஆண்டுகளுக்குப் பின் 157 லிட்டர் மிஞ்சும். 23 ஆண்டுகளுக்குப் பின் 78 லிட்டர் மட்டுமே. முடங்கிய முதலுக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியும் சேர்த்தால், 23 ஆண்டுச் சரக்கின் ஒரு லிட்டருக்கான அடக்கச் செலவு 6 ஆண்டுச் சரக்கைப் போல ஏறத்தாழ ஐந்தரை மடங்கு ஆகிறது.

23 ஆண்டு பாப்பிக்கு ஆலை பரிந்துரைத்த சில்லறை விலை சில ஆண்டுகளுக்கு முன்பு வரை 300 டாலராக இருந்தது. ஸ்பெஷல் ரிசர்வின் 25 டாலரோடு ஒப்பிட்டால் 12 மடங்கு. இதில் ஏறக்குறைய பாதியை ஆவியும் வட்டியும் விளக்கிவிடுகின்றன. பீப்பாய் பாழாகும் அபாயம், கிடங்குச் செலவு, வரி ஆகியவற்றைக் கூட்டினால் இன்னும் கொஞ்சம். ஆனால் மறுவிற்பனையில் கேட்கப்படும் ஆயிரக்கணக்கான டாலரை எந்தக் கிடங்குக் கணக்கும் விளக்காது. அது முழுக்கக் கிடைக்காமையின் விலை.

கிடைக்காமைக்கு விலை இருக்கும் இடத்தில், யாருக்குக் கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்பவரின் கையிலும் ஒரு விலை உருவாகிவிடுகிறது. அமெரிக்காவின் 17 மாநிலங்களில் மதுபான வணிகம் ஏதோ ஒரு கட்டத்தில் அரசின் பிடியில் உள்ளது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் வழியே அரசே விற்பனை செய்வதை அறிந்த வாசகர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. அவற்றில் ஒன்றான ஓரிகனில், மதுபான ஆணையத்தின் தலைமை நிர்வாகி உள்ளிட்ட உயர் அதிகாரிகள் பாப்பி வான் விங்கிள் போன்ற அரிய பாட்டில்களைப் பொதுமக்களுக்குச் செல்லவிடாமல் தங்களுக்கு ஒதுக்கி வைத்தது 2023-ல் வெளியானது. அவர்கள் பணம் கொடுத்தே வாங்கினர். எடுத்துக்கொண்டது வாய்ப்பை மட்டுமே. ஆளுநர் கேட்டுக்கொண்டதன் பேரில் நிர்வாகி பதவி விலகினார். பின்னர் குற்ற வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. அரசு நிர்ணயித்த விலைக்கும் சந்தை தரத் தயாராக இருந்த விலைக்கும் இடையே அத்தனை பெரிய இடைவெளி இல்லாதிருந்தால், இந்த விவகாரமே எழுந்திருக்காது.

தட்டுப்பாட்டிலிருந்து தேக்கத்துக்கு

2013 பிப்ரவரியில் மேக்கர்ஸ் மார்க் நிறுவனம், தேவைக்கு ஏற்பச் சரக்கு இல்லை என்று கூறி, ஆல்கஹால் அளவை 45 சதவீதத்திலிருந்து 42 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தனர், சில நாள்களிலேயே முடிவு திரும்பப் பெறப்பட்டது. அந்தத் தட்டுப்பாட்டைக் கண்டு ஆலைகள் விரிவடைந்தன, புதியவை முளைத்தன, முதலீட்டு நிதியங்கள்கூடப் பீப்பாய்களை வாங்கிக் குவித்தன. போர்பனில் இன்று எடுக்கும் முடிவின் விளைவு பல ஆண்டுகள் கழித்தே பாட்டிலுக்கு வரும் என்பதை உற்சாகத்தில் பலர் மறந்தனர்.

இன்று கென்டகியின் கிடங்குகளில் 1.6 கோடிக்கும் அதிகமான பீப்பாய்கள் உள்ளன. மாநில மக்கள்தொகையே ஏறத்தாழ 45 லட்சம்தான். ஆளுக்கு மூன்று பீப்பாய்க்கு மேல் வருகிறது. அமெரிக்காவில் மது அருந்துவோர் எண்ணிக்கை குறைந்துவருகிறது. உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்காத மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் கூறிவிட்டது. வரிப்போரில் கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் 2025 மார்ச் முதல் அமெரிக்க மதுபானங்களைக் கடை அடுக்குகளிலிருந்து அகற்றின. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் அமெரிக்க விஸ்கி மீது 25 சதவீதப் பதிலடி வரி விதித்ததையும் இந்தத் துறை மறக்கவில்லை. கென்டகி போன்ற மாநிலத்தின் அரசியல்வாதிகளைத் தொட எளிதான பொருள் என்பதாலேயே போர்பன் ஒவ்வொரு வரிப்போரிலும் முதல் வரிசையில் நிறுத்தப்படுகிறது.

இந்தப் பின்னணியில்தான் இந்தியாவின் வரிக் குறைப்பை வாசிக்க வேண்டும். இறக்குமதி மதிப்பு 100 ரூபாய் உள்ள பாட்டில், முன்பு சுங்கத்தைத் தாண்டும்போது 250 ரூபாயானது. இப்போது 200 ரூபாய். இது 20 சதவீதக் குறைப்பு. ஆனால் மதுபானம் ஜி.எஸ்.டி. வரம்புக்கு வெளியே உள்ளது. அதன் மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி கலால் வரியும் மதிப்புக் கூட்டு வரியும் விதிக்கிறது. இறக்குமதியாளர், விநியோகஸ்தர், கடைக்காரர் ஆகியோரின் பங்கும் அதில் சேர்கிறது. டெல்லியில் குறைந்த வரி பெங்களூருவிலோ மும்பையிலோ விலைச்சீட்டை எட்டும்போது எவ்வளவு மிஞ்சும் என்பதை மாநில அரசுகளே தீர்மானிக்கின்றன.

போட்டியும் காத்திருக்கவில்லை. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தின்படி ஸ்காட்ச் மீதான வரி முதலில் 75 சதவீதமாகவும், பத்து ஆண்டுகளில் 40 சதவீதமாகவும் இறங்கும். அந்த ஒப்பந்தம் தரும் விகிதத்தோடு ஒப்பிட்டால், சலுகை முதலில் பெற்ற போர்பனே 100 சதவீதத்தில் பின்தங்கி நிற்கிறது.

வரி இன்னும் குறைந்தாலும் இந்தியாவுக்குப் பெருமளவில் வரப்போவது பாப்பி வான் விங்கிள் அல்ல. அதைச் சொந்த ஊரிலேயே குலுக்கல் முறையில்தான் வாங்க முடிகிறது. வரக்கூடியது கிடங்கில் தேங்கி நிற்கும் நான்கு முதல் எட்டு ஆண்டுச் சரக்கு, அதாவது மேக்கர்ஸ் மார்க் வரிசையில் உள்ள பாட்டில்கள். சுவைக் கணக்கில் பார்த்தால் வாங்குவோருக்கு அதில் இழப்பு அதிகமில்லை.

உற்பத்தியாளர்களுக்கோ காலம் கடினமானது. கிடங்கில் முதிரும் பீப்பாய்களுக்குக் கென்டகி விதிக்கும் வரி 2026 முதல் படிப்படியாகக் குறைந்து 2043-ல்தான் முற்றிலும் நீங்கும். மேக்கர்ஸ் மார்க்கின் உரிமையாளரான சன்டோரி குழுமத்துக்கே சொந்தமான ஜிம் பீம், கிளெர்மான்ட் நகரில் உள்ள தன் முதன்மை ஆலையில் 2026 முழுவதும் வடிப்பை நிறுத்தி வைப்பதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அந்த ஆலையில் இவ்வாண்டு நிரப்பப்படாத பீப்பாய்கள், 2038-ல் 12 ஆண்டுச் சரக்காக வெளிவந்திருக்க வேண்டியவை.