கடல் கடந்த உழைப்பாளியும் தாய்நாட்டுப் பாங்கிக் கணக்கும்

1915-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 9-ந் தேதி மகாத்மா காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிப் பம்பாயில் வந்திறங்கினார். அந்நாளை நினைவிற்கொண்டு 2003 முதல் மத்திய சர்க்கார் வெளிநாடுவாழ் இந்தியருக்கென ஒரு திருநாள் நடத்தி வருகின்றனர். தமிழ்நாட்டு சர்க்காரும் ஜனவரி 12-ந் தேதியை அயலகத் தமிழர் தினமென்று கொண்டாடுகின்றனர். மேடைகளில் நிகழும் உபசாரப் பேச்சுகளுக்குக் குறைவில்லை. நாமும் அவற்றை ஆட்சேபிக்கவில்லை. ஆயினும், புகழப்படுகின்ற அந்த மனிதன் தன் சொந்த தேசத்தில், தன் சொந்தப் பெயரில், ஒரு பாங்கிக் கணக்கு திறந்துகொள்ளப் படுகின்ற பாட்டை எந்த மேடையிலும் யாரும் பிரஸ்தாபித்ததாக நாம் கேட்டதில்லை.

இது அற்ப விஷயமென்று சிலர் எண்ணக்கூடும். உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2024-ஆம் வருஷத்தில் வெளிநாட்டிலுள்ளோர் இந்தியாவுக்கு அனுப்பிய தொகை சுமார் 12,900 கோடி டாலர். உலகத்தில் வேறெந்த தேசத்துக்கும் அவ்வருஷம் இவ்வளவு பணம் அதன் மக்களிடமிருந்து வந்து சேரவில்லை. அமெரிக்காவில் பெருஞ்சம்பளம் பெறுவோர் அனுப்பிய பங்கு இதில் பெரிதேயெனினும், துபாயிலும் ரியாத்திலும் குவைத்திலும் வெயிலில் நின்று கல்லும் கம்பியும் சுமக்கிற ராமநாதபுரத்தானும் புதுக்கோட்டையானும் சிறுகச் சிறுக அனுப்பிய பணமும் இதில் சேர்ந்தே இருக்கிறது. நாம் இங்கு பேசப் புகுந்தது பின்னவனைப் பற்றியே.

முதலில் சட்டம் யாது கூறுகிறதென்பதை நமது வாசகர்கள் தெரிந்துகொள்வது நலம். 2000-ஆம் வருஷம் ஜூன் மாதம் அமுலுக்கு வந்த அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டத்தின்படி, உத்தியோகத்துக்காக இந்தியாவை விட்டுப் புறப்படுகிறவன் புறப்பட்ட பொழுதே ‘இந்தியாவில் வசியாதவன்’ ஆகிவிடுகிறான். அவன் ஊரில் வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே நடத்தக்கூடாது. பாங்கிக்கு அறிவித்து அதனை என்.ஆர்.ஓ. என்னும் வகைக்கு மாற்றிவிட வேண்டும். வீட்டு வாடகை, குத்தகை, பென்ஷன் முதலிய உள்நாட்டு வருவாய் இதில் சேரும். இதன் வட்டியில் நூற்றுக்கு 30 வீதமும் அதன்மேல் தீர்வையும் முன்கூட்டியே வரியாகப் பிடிக்கப்படும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கோ என்.ஆர்.இ. என்று வேறொரு வகைக் கணக்கு உண்டு. அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது. அசலையும் வட்டியையும் எப்பொழுது வேண்டுமானாலும் தடையின்றி வெளிநாட்டுக்குத் திருப்பிக்கொள்ளலாம். டாலர், பவுன் முதலிய அந்நிய நாணயத்திலேயே ஒன்று முதல் ஐந்து வருஷம் வரை டிபாசிட்டு வைக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் மாதச் சம்பளத்தில் வயிறு வளர்ப்போருக்கு அதனால் அதிகப் பிரயோஜனமில்லை.

ஆகவே சட்டம் வெளிநாட்டு இந்தியனுக்கு விரோதமானதன்று, என்.ஆர்.இ. கணக்கு அவனுக்கு மிகவும் அனுகூலமானது என்றே நாம் சொல்வோம். குறை எங்கேயென்றால், இந்த அனுகூலம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. பழைய கணக்கில் அவன் சகோதரன் காசோலை போட்டுக்கொண்டிருப்பான். பாங்கியாரும் கேளார், இவனும் சொல்லான். அறியாமல் செய்யினும் அது சட்டத்தை மீறியதேயாகும். சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரையில் அபராதம் விதிக்கவும் அச்சட்டத்தில் இடமிருக்கிறது. ஏழைத் தொழிலாளியின் மீது அதைப் பிரயோகிக்க மாட்டார்கள் என்று சமாதானம் கூறுவோருண்டு. குடிஜனங்கள் அதிகாரியின் தயவில் வாழ்வதை நாம் என்றும் விரும்பியதில்லை.

சரி, அவன் விஷயம் தெரிந்து கணக்குத் திறக்க முற்படுகிறான் என்றே வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டு, விசா, வெளிநாட்டு விலாசத்துக்கு ருஜு ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். அந்நகல்களுக்குத் தக்க அதிகாரியின் அத்தாட்சியும் வேண்டும். இந்தியத் தூதராலயம், அந்நாட்டு நோட்டரி, நீதிபதி, இந்தியப் பாங்கிகளின் வெளிநாட்டுக் கிளை அதிகாரிகள் முதலியோர் அத்தாட்சி செய்யலாமென்று ரிஸர்வ் பாங்கியின் விதிகள் கூறுகின்றன. காகிதத்தில் பார்க்கும்பொழுது வழிகள் பல. லண்டனிலோ ஸிங்கப்பூரிலோ உள்ள உத்தியோகஸ்தருக்கு அவை உண்மையில் வழிகளே. பாலைவனத்தின் நடுவே தொழிலாளர் கொட்டகையில் படுத்துறங்குபவனுக்கோ? அவனுடைய பாஸ்போர்ட்டு அவன் கையிலிராது. முதலாளிகள் அதனை வாங்கி வைத்துக்கொள்வது அந்நாடுகளின் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டிருந்தும் அவ்வழக்கம் ஒழிந்தபாடில்லை. விலாசத்துக்கு ருஜு கேட்டால் அவனுக்கு வாடகைச் சீட்டேது, மின்சார ரசீதேது? வாரத்தில் ஓய்வு ஒரே நாள். அந்நாளில் தூதராலயமும் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். ஒரு நாள் கூலியை இழந்து, பஸ்ஸுக்கும் கட்டணத்துக்கும் செலவு செய்து, கையொப்பம் வாங்கித் தபாலில் அனுப்பினால், ‘பாஸ்போர்ட்டிலுள்ள கையெழுத்தும் பாரத்திலுள்ள கையெழுத்தும் ஒத்திருக்கவில்லை’ என்று திரும்பி வரும். பத்து வருஷம் மண்வெட்டி பிடித்த கை எப்படி ஒரே மாதிரி எழுதும்? விண்ணப்ப பாரமோ இங்கிலீஷில் இருக்கும். சில பாங்கிகளில் ஹிந்தியும் கூட இருக்கும். தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால் என்ன குடி முழுகிப் போகுமென்பது நமக்கு விளங்கவில்லை.

நவீன சாதனங்களைக் காட்டிச் சிலர் மறுப்புரைப்பர். 2020-ஆம் வருஷம் ஜனவரியில் ரிஸர்வ் பாங்கி, முகத்தை நேரில் காட்டாமல் காணொளி மூலம் அடையாளம் நிரூபித்துக் கணக்குத் திறக்க இடமளித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்பொழுது செய்த விதியிலேயே, மனுஷ்யன் அச்சமயம் இந்தியாவுக்குள் இருக்கிறானாவென்று இடக்குறிப்பால் உறுதி செய்துகொள்ள வேண்டுமென்ற நிபந்தனையையும் சேர்த்தார்கள்! நீந்தத் தெரிந்தவனுக்கு மட்டும் ஓடம் விட்ட கதை இது. 2023-ஆம் வருஷம் ஜனவரியில் ஸிங்கப்பூர், ஐக்கிய அரபு நாடுகள், ஸௌதி அரேபியா, கத்தார், ஓமன் உள்ளிட்ட பத்து தேசங்களின் தொலைபேசி எண்களைக் கொண்டே யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்தலாமென்று அறிவிப்பு வெளியாயிற்று. அதுவும் என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கு ஏற்கெனவே வைத்திருப்பவனுக்கே உதவும்.

கணக்கில்லாதவன் என்ன செய்கிறான்? தம்பி பெயருக்கோ மைத்துனன் பெயருக்கோ அனுப்புகிறான். தம்பியின் கணக்கிற் சேர்ந்த பணம் பாங்கியின் கண்ணுக்குத் தம்பியின் பணமே. அதைக் கொண்டு வாங்கிய மனையும் கட்டிய வீடும் தம்பி பெயரில் ரிஜிஸ்தராகின்றன. பதினைந்து வருஷங் கழித்து நரைத்த தலையோடு ஊர் திரும்புகிறவன் தன் உழைப்பில் எழுந்த வீட்டுத் திண்ணையில் விருந்தாளியாக உட்காருகிறான். ராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சாவூர் ஜில்லாக்களில் இத்தகைய வழக்குகளை அறியாத வக்கீல் ஒருவருமிரார். அல்லது அவன் உண்டியல்காரனை நாடுகிறான். அங்கே பாரமுமில்லை, அத்தாட்சியுமில்லை. ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் சொன்னால் மாலைக்குள் வீட்டு வாசலில் ரூபாய் வந்து நிற்கும். அது குற்றம்; பணம் மோசம்போனாலும் கேட்பதற்கு நாதியில்லை. அதிகாரிகள் உண்டியல்காரரைப் பிடித்துச் சிறையிலடைப்பது நியாயமே. ஆயினும் அவர்களுக்கு வாடிக்கை சேர்த்துக் கொடுப்பவர் யாரென்பதையும் அவர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

இக்காரியத்தில் நம்மவருக்குப் பழக்கமில்லையென்று சொல்லவும் வழியில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் நகரத்தார் கொண்டு விற்ற காலத்தில், வெளியூர்க் கடைக்கும் காரைக்குடி வீட்டுக்கும் இடையே கணக்கு ஒரு காசும் பிசகாமல் ஓடியது. 1906-ல் ஆர்பத்நாட் என்னும் வெள்ளையர் கம்பெனி முறிந்து எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றபொழுது, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று, நம்மவர் பணத்தை நம்மவரே காப்பதற்கு 1907-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி இந்தியன் பாங்கியைத் திறந்தனர். (அத்தேதி நாற்பது வருஷங் கழித்து வேறொரு பெருமையும் பெற்றது.) 1937-ஆம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்கினார். கடல் கடந்த தமிழனுக்கும் அவன் ஊருக்கும் நடுவே பாங்கி இருக்க வேண்டுமென்பது அப்பெயரிலேயே விளங்குகிறது. இவ்விரண்டு பாங்கிகளும் 1969-ல் தேசத்தின் சொத்தாயின. சொத்து நம்முடையதான பின்னும் வாசற்படி உயர்ந்துகொண்டே போவது விசித்திரம்.

டில்லிக்குப் பணமுடை வந்தபொழுது மட்டும் வாசற்படிகள் தாழ்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம். 1991-ஆம் வருஷத்தில் வெளிநாட்டிந்தியர் தம் டிபாசிட்டுகளை வாபஸ் வாங்கத் தொடங்கியதும் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியதற்கொரு காரணம். தேசத்தின் தங்கத்தை அயலாரிடம் அடகு வைக்கும்படி நேர்ந்தது. 1998-ல் போக்ரான் பரீட்சைக்குப் பின் பிற தேசத்தார் முகஞ்சுளித்த சமயம், ஸ்டேட் பாங்கி வெளியிட்ட பத்திரங்களுக்கு வெளிநாட்டிந்தியர் 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2013-ல் ரூபாயின் மதிப்பு சரிந்தபொழுது ரிஸர்வ் பாங்கி திறந்த விசேஷச் சாளரத்தின் மூலம் அந்நிய நாணய டிபாசிட்டுகளாக மட்டும் சுமார் 2,600 கோடி டாலர் வந்து குவிந்தது. அப்பொழுதெல்லாம் பாங்கி அதிகாரிகள் விமானமேறிச் சென்று தனவந்தர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தனவந்தர் வீடு தெரிந்தவர்களுக்குத் தொழிலாளர் கொட்டகைக்கு வழி தெரியாமற் போனதேன்?

கள்ளப் பணமும் பயங்கரவாதிகளின் பணமும் உள்ளே நுழையாமலிருக்கவே இவ்வளவு சோதனை என்பது அதிகாரிகளின் வாதம். சோதனை வேண்டாமென்று நாம் கூறவில்லை. சோதனையை எங்கே, எப்பொழுது செய்வதென்பதே கேள்வி. பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளி வளைகுடா நாடுகளுக்குப் போகுமுன், 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி பெற வேண்டும். அப்பொழுது அவனுடைய பாஸ்போர்ட்டு, விசா, வேலை ஒப்பந்தம் யாவும் அசலாகவே சர்க்காரின் பார்வைக்கு வருகின்றன. பத்து லக்ஷ ரூபாய் விபத்து இன்ஷியூரன்ஸ் செய்துகொண்டால்தான் அனுமதி என்ற நிர்ப்பந்தமும் இருக்கிறது. செத்தால் வரும் பணத்துக்கு இத்தனை ஏற்பாடு செய்கிற சர்க்கார், உயிரோடிருந்து சம்பாதிக்கும் பணத்துக்கும் அதே மேஜையில் ஓர் ஏற்பாடு செய்யலாகாதா? அங்கேயே ஒரு பாங்கி குமாஸ்தா அசலைப் பார்த்து, கையொப்பமும் கைரேகையும் வாங்கி வைத்துக்கொண்டால், அவன் அக்கரை சேர்ந்ததும் என்.ஆர்.இ. கணக்கு உயிர் பெற்றுவிடும். நெருங்கிய உறவினரைக் கூட்டாகச் சேர்க்கவும், அவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்து உள்ளூர்ச் செலவுக்கு எடுக்கச் செய்யவும் இப்போதைய விதிகளிலேயே இடமுண்டு. மனைவி கையில் பணமும், புருஷன் பெயரில் கணக்குமாக இருக்கும்.

ஏற்கெனவே போய்விட்டவர்களின் சங்கதி வேறு. பாஸ்போர்ட்டு வேலைகளுக்காகத் தூதராலயத்தார் அவ்வப்போது வெளியூர்களுக்குச் சென்று முகாம் நடத்துவதுண்டு. அதே முகாமில், தொழிலாளரின் ஓய்வு நாளில், இந்த அத்தாட்சியையும் கட்டணமின்றிச் செய்து தரலாம். மலையாள நாட்டார் 1996-லேயே வெளிநாட்டிலுள்ள தம்மவருக்கெனத் தனி இலாகா ஏற்படுத்தி இத்தகைய காரியங்களில் வெகுதூரம் முன்னேறிவிட்டனர். நமது வெளிநாடுவாழ் தமிழர் நல வாரியம் தமிழ் பாரங்களையாவது அச்சிட்டு அனுப்பட்டும்.

தேசத் தொண்டர்களுக்கும் இதில் வேலையிருக்கிறது. இரண்டு வருஷம் கொடுக்கல் வாங்கலில்லாத கணக்கைப் பாங்கியார் செயலற்றதென்று ஒதுக்குகின்றனர். பத்து வருஷமாயின் அத்தொகை ரிஸர்வ் பாங்கியின் தனி நிதிக்குப் போய்விடுகிறது. உரியவன் கேட்டால் திரும்பக் கிடைக்கும். கேட்கத் தெரிய வேண்டுமே. கிராமந்தோறும் வெளிநாடு போனவர்களின் வீடுகளுக்குச் சென்று, எந்தக் கணக்கு எந்தப் பெயரில் எந்த நிலையிலிருக்கிறதென்று விசாரித்து எழுதிக் கொடுப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

சென்னையிலுள்ள பாதுகாப்பு அதிகாரியின் காரியாலயத்தில் ஒரு மேஜை போடுவதற்குப் பார்லிமெண்டில் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ரிஸர்வ் பாங்கியின் ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த ஜனவரி 9-ந் தேதிக்கு முன்னர் அதை வெளியிடச் செய்யுமாறு நமது பார்லிமெண்டு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.