தனி அறை இருக்கிறவன்தான் மாணவனா?

2020 மார்ச் 17 முதல் தமிழகத்தின் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் இழுத்துச் சாத்தினார்கள். விடுதியைக் காலி செய், வீட்டுக்குப் போ, பத்திரமாய் இரு என்றார்கள். எந்த வீட்டுக்கு? அதை எவனும் கேட்கவில்லை.

நம்ம பிள்ளைகளுக்கு விடுதி என்பது படுக்க ஓர் இடம் மட்டுமல்ல. ஊரென்றும் சேரியென்றும் பிளந்து கிடக்கிற கிராமத்தை விட்டு வெளியே வந்து கால் ஊன்ற ஒரு சாண் தரை. சோறு வேகாமல் இருக்கும், குழாயில் தண்ணி வராது. ஆனா, ‘டேய், களத்துல ஆள் பத்தல, வாடா’ என்று கூப்பிட அங்கே எவனும் வரமாட்டான். கதவைச் சாத்தியதும் பிள்ளைகள் திரும்பிப் போனது அந்தக் களத்துக்குத்தான். செங்கல் சூளைக்கு, பெயிண்ட் வேலைக்கு, சித்தாள் வேலைக்கு. முதுகலை படிக்கிறவன் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்து, ‘படிச்சு என்னத்தக் கிழிச்ச?’ என்று கேட்க ஊர்த் தெருவில் ஆளா இல்லை?

பிறகு ஆரம்பித்தது விதிகளின் கூத்து. 2020 ஜூலை 6-ல் பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது: இறுதியாண்டுத் தேர்வு கட்டாயம், செப்டம்பருக்குள் முடி. ஆகஸ்ட் 26-ல் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, தேர்வுக் கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் எல்லாம் பாஸ் என்றார். சுவரொட்டியில் அவரை அரசனாக்கினார்கள், கடவுளாக்கினார்கள். அடுத்த வருஷமே, பரீட்சை இல்லாமல் பாஸ் போட முடியாது என்றது சென்னை உயர்நீதிமன்றம். டிசம்பரில் கல்லூரி திறந்தது. 2021 மார்ச்சில் மூடியது. செப்டம்பரில் திறந்தது. 2022 ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரியில் திறந்தது. இத்தனை விதியும் மாறியது. விதி எழுதியவன் மனசுக்குள் இருந்த மாணவன் மட்டும் மாறவே இல்லை. அவனுக்குத் தனி அறை உண்டு. மேசை உண்டு. கையில் போன் உண்டு. பக்கத்து அறையில் அம்மா காப்பி போடுவாள்.

2020 நவம்பரில் மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டுதலைப் படியுங்கள். விடுதியில் ஒரு அறையை இருவர் பகிரக்கூடாதாம். ஆகா! ஆதிதிராவிடர் நல விடுதிக்குள் கால் வைத்திருந்தால் இந்த வரியை எழுதக் கை வந்திருக்குமா? நான் படித்த விடுதியில் அறை என்ற சொல்லுக்கே இடமில்லை. கூடம்தான். சுவரோரம் வரிசையாய்த் தகரப் பெட்டிகள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் விழுகிற இடம்தான் படுக்கை. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள். குளிக்க ஒரு தொட்டி. இந்தக் கூடத்தில் ‘அறைக்கு ஒருவர்’ விதியைப் போட்டால் என்ன அர்த்தம்? கூடத்துக்கு ஒருத்தன் உள்ளே, மிச்சம் பேர் தெருவில். விதி பொதுவானதுதான். வெளியே நிறுத்தப்படுகிறவன் மட்டும் எப்போதும் நம்மாள்.

‘நோய் பரவும்போது வேற என்னய்யா செய்வாங்க?’ என்று முற்போக்குப் பேராசிரியர்கள் கேட்கிறார்கள். முகக்கவசம் வேண்டாம், கூடிக் கும்மியடிப்போம் என்று நாம் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் மாதக்கணக்கில் காலியாய்க் கிடந்தனவே, வீடில்லாத, படிக்க வழியில்லாத பிள்ளைகளை இடைவெளி விட்டு அங்கே தங்கவைத்திருக்க முடியாதா? அறை அறையாய் இடம் இருக்கிற வளாகம் மட்டும் என்ன செய்துவிட்டது? 2020 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் நூறு பேருக்கு மேல் தொற்று. படுக்கத் தனி அறை கொடுத்துவிட்டு, தின்ன ஒரே ஒரு உணவுக்கூடத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். இதுதான் இவர்களின் அறிவியல்.

தேர்வுக்கு வருவோம். 2020 செப்டம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் இறுதிப் பருவத் தேர்வை இணையத்தில் வைத்தது. கேமரா ஓட வேண்டும், மைக் ஓட வேண்டும். முகம் விலகக்கூடாது, வேறு குரல் கேட்கக்கூடாது. ஒற்றை அறை வீட்டில் ஐந்து உசுரு. ஆயா இருமினால் அது காப்பியடித்தலா? ஆட்டுக்குட்டி கத்தினால்? பக்கத்தில் சாவுமேளம் அடித்தால்? இயந்திரத்துக்குச் சேரியின் சத்தமெல்லாம் முறைகேடு. 2021-ன் தொடக்கத்தில் இதே முறையில் நடத்திய தேர்வின் முடிவுகள் குளறுபடியாகி, மே மாதம் அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவிக்க வேண்டி வந்தது. மற்ற பல்கலைக்கழகங்கள் வீட்டிலேயே தாளில் எழுதி, ஸ்கேன் செய்து ஏற்றச் சொன்னார்கள். ஊரடங்கில் ஸ்கேன் கடை எவன் திறந்து வைத்திருந்தான்?

வங்கி அத்தியாவசியச் சேவை என்பதால் அந்த நாட்களில் நான் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். ஜன்தன் கணக்கில் மாதம் 500 ரூபாய், மூன்று மாதத்துக்குப் போட்டார்கள். அதை எடுக்க வெயிலில் நின்ற பெண்களில் எத்தனை பேர் போன் வாங்கக் கணக்குப் போட்டார்கள் தெரியுமா? ஒரு அம்மா காதுத் தோட்டைக் கழற்றி வைத்தாள். ‘பொண்ணு கிளாஸ் கேக்கணுமாம் சார், எவ்ளோ வரும்?’ 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, நகை மதிப்பில் 75 விழுக்காடு வரை என்றிருந்த கடனை 90 வரை தரலாம் என்றது. பெரிய சலுகை! ஒரு கிராம் தோட்டுக்கு எத்தனை விழுக்காடு கொடுத்தாலும் போன் வராது. அதே மாதங்களில் உதவித்தொகை ஏறிவிட்டதா என்று பாஸ்புத்தகத்தை நீட்டிய பிள்ளைகளுக்கு, ‘இன்னும் இல்ல தம்பி’ என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்தது.

2021 ஜனவரியில், கல்லூரி மூடிப் பத்து மாதம் கழித்து, 9.69 லட்சம் மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. இலவச டேட்டா அறிவித்தார்கள். சிம் கார்டு சரி, அதைச் செருகப் போன்? 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமக் குடும்பங்களில் இணைய வசதி இருந்தது சுமார் 15 விழுக்காட்டுக்குத்தான், கணினி 4.4 விழுக்காட்டுக்கு. இந்தக் கணக்கு தெரிந்துதான் ஆன்லைன் வகுப்பு என்றார்கள். 2011-லிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினியை ‘இலவசம்’ என்று நக்கலடித்தவர்கள் இப்போது எங்கே? அந்தப் பெட்டிதான் நம்ம பிள்ளைகள் கொஞ்சம் பேரையாவது கரை சேர்த்தது.

இன்னொன்று. வளாகம் மூடியது என்கிறோமே, யாருக்கு? துணைவேந்தர் வீட்டிலிருந்தார், பேராசிரியர் திரையிலிருந்தார். பிளீச்சிங் பவுடர் தூவியதும், கழிப்பறை கழுவியதும், குப்பை அள்ளியதும் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிகள். அவர்களுக்கு மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டால் டெண்டரைக் காட்டுகிறார்கள்.

‘சமூக இடைவெளி’ என்று ஒரு சொல்லைப் பிடித்தார்கள். 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார நிறுவனம், உடல் இடைவெளி என்று சொல்லுங்கள் என்றது. இங்கே சிலருக்கு அந்தச் சமூகத்தை விட மனசில்லை. மடியும் தீட்டும் அறிவியல்தான் என்று உபன்யாசம் வேறு. வைரஸ் எதுவும் இல்லாமலேயே 2015-ல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் ஐந்து தலித் ஆய்வு மாணவர்களைத் தண்டித்து, அதில் விடுதியை விட்டும் வெளியேற்றியது. அவர்கள் வளாகத்திலேயே திறந்தவெளியில் ‘வெலிவாடா’ போட்டுப் படுத்தார்கள். 2016 ஜனவரி 17-ல் ரோகித் வெமுலா செத்துப்போனான். அந்த இடைவெளிக்கு எந்த மருத்துவர் சீட்டு எழுதினார்?

2023 மேயில் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்றது. விதிகள் போய்விட்டன. ஆனால் 2021 மேயில், ஊர் பிணம் எரித்துக்கொண்டிருந்த நேரத்தில், எந்தப் பாடத்திலும் 40 விழுக்காடு வரை இணையத்தில் நடத்தலாம் என்று மானியக் குழு ஒரு கருத்துக் குறிப்பை விட்டதே, அந்த ஆசை போகவில்லை. கட்டடம் வேண்டாம், விடுதி வேண்டாம், ஆசிரியர் பணியிடம் வேண்டாம், இடஒதுக்கீட்டில் நிரப்பவும் வேண்டாம். அரசுக்கு இதைவிட மலிவான பல்கலைக்கழகம் எங்கே கிடைக்கும்?

தோழர்களே, உங்கள் ஊர் ஆதிதிராவிடர் நல விடுதிக்குப் போங்கள். அனுமதித்த எண்ணிக்கை எவ்வளவு, தங்கியிருப்பவர் எத்தனை பேர், கூடம் எத்தனை அடி, குழாய் எத்தனை, கழிப்பறை எத்தனை என்று எண்ணுங்கள். கேட்டால் சொல்லமாட்டார்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் ஊர்ப் பெயரோடு அச்சேற்றுவோம்.