கேர் ஆஃப் ரூட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் ஃப்ளாட் பையன் பெல் அடித்தான். கையில் லேப்டாப். முகத்தில் பவ்யம்.

‘‘அங்கிள், ஆன்ட்டி குடுத்த பாஸ்வேர்டு ரெண்டு நாளா வேலை செய்யல. மாத்திட்டீங்களா?’’

சமையலறைப் பக்கம் திரும்பினேன். சட்டென்று மிக்ஸி ஓட ஆரம்பித்தது. பதில் சொல்ல இஷ்டமில்லை என்றால் என் சகதர்மிணி மிக்ஸி போடுவாள்.

விஷயம் இதுதான். ஒரு மாதமாக என் பிராட்பேண்ட் கட்டை வண்டியாகிவிட்டது. பிரௌஸரில் 192.168.1.1 என்று தட்டி, ரூட்டரின் உள்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். (பல ரூட்டர்களுக்கு இதுதான் கதவு.) எங்களிடம் இருப்பது போன், டி.வி. எல்லாம் சேர்த்து ஆறு. லிஸ்ட்டில் இருந்ததோ பதினொன்று! அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினேன்.

பழைய கூட்டுக் குடும்பம் ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் இருபது பேர், விலாசம் ஒன்று. எல்லாத் தபாலும் ‘கேர் ஆஃப் தாத்தா’. எது சித்தப்பாவுக்கு, எது அத்தைக்கு என்று திண்ணையில் உட்கார்ந்து பிரித்துக் கொடுப்பார். ரூட்டர் அந்தத் தாத்தாதான். பழைய முறை இன்டர்நெட் விலாசங்கள் மொத்தமே சுமார் 430 கோடி. தலைமைக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலி. அதனால் வீட்டுக்குள் ஆளுக்கொரு 192.168 நம்பர், வெளியுலகத்துக்கு வீடு மொத்தமும் ஒரே நம்பர்.

வில்லங்கமும் அங்கேதான். 2008 ஜூலை 26. அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடம் முன்பு டி.வி. சேனல்களுக்கு ஒரு இ-மெயில். போலீஸ் விலாசத்தைத் துருவிக்கொண்டு நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் ஃப்ளாட்டுக்குப் போய் நின்றது. மனிதர் எதுவும் அனுப்பவில்லை. சரியாகப் பூட்டாத அவர் வைஃபையை யாரோ உபயோகித்திருந்தார்கள். நிரபராதிதான். ஆனால் அதைச் சொல்லிப் புரியவைக்கும்வரை அவர் பட்ட பாடு?

ஆக, பாஸ்வேர்டு கொடுப்பது காபிப்பொடி கடன் கொடுப்பது மாதிரி இல்லை. ஜாமீன் கையெழுத்து மாதிரி.

பையன் இன்னும் வாசலிலேயே நின்றான். ‘‘குரூப் டூ எழுதறேன் அங்கிள். மாடல் டெஸ்ட் எல்லாம் ஆன்லைன்லதான்... எங்க வீட்ல இப்போதைக்கு கனெக்‌ஷன் போட முடியாது.’’

அவன் அப்பாவுக்கு வேலை போய் ஆறு மாதம் என்று அப்புறம்தான் உறைத்தது.

ரூட்டரில் ‘கெஸ்ட்’ என்று ஒரு வசதி உண்டு. விருந்தாளி திண்ணையோடு சரி. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர், பிரின்டரைத் தொட முடியாது. வேகத்துக்கும் சில ரூட்டர்களில் அளவு வைக்கலாம். ஆனால் வெளியே போகும் தபாலில் அதே கேர் ஆஃப்தான். அதற்குத் தொழில்நுட்பத்தில் மருந்தில்லை. ஆளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

பார்த்தேன். கொடுத்தேன். ‘‘உனக்கு மட்டும்தாம்ப்பா’’ என்று தனி பாஸ்வேர்டு வைத்து, ரூட்டருக்குள் நுழையும் ‘அட்மின்’ பாஸ்வேர்டையும் மாற்றினேன். வாங்கிய நாளிலிருந்து அது ‘அட்மின்’ என்றே இருந்தது. வெட்கக்கேடு!

பையன் போனதும் மிக்ஸி நின்றது.

‘‘ஏங்க, அந்தப் புது பாஸ்வேர்டு என்ன? மூணாவது மாடி மாமி கேட்டாங்க... பாவம், சீரியல் பாதியில நின்னுடுச்சாம்!’’